பதற்றம்: வயிற்றைக் கலக்கும் சொல்

பதற்றம் என்பது ‘பதறு’ என்னும் வினையிலிருந்து பிறந்த பெயர்ச்சொல். மாறு – மாற்றம், ஏறு – ஏற்றம், தடுமாறு – தடுமாற்றம் என்பது போலப் பதறு – பதற்றம். ‘பதட்டம்’ பேச்சில் வருவது. செய்தித்தாள் தலைப்பு வரை அது ஏறிவிட்டாலும் எழுதும்போது பதற்றம் என்றே எழுத வேண்டும். “பதறாத காரியம் சிதறாது” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தால் றகரம் தானே வந்து நிற்கும்.

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மருந்துக்கடையில் நிற்பவன் நான். இந்தச் சொல்லைக் கடை வாசலில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. “அண்ணே, ஒரே கேஸ் ட்ரபிளா இருக்கு, ஒரு மாத்திரை குடுங்க” என்பார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் “வீட்ல ஒரே டென்ஷன்ணே” என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு நடக்கும் மார்ச்சிலும், துறைமுகத்தில் புயல் கூண்டின் எண் ஏறும் நாட்களிலும், குழுக் கடன் தவணை கட்டும் வாரத்திலும் இந்த மாத்திரை கூடுதலாகப் போகும். கேட்கிறவர்களுக்கு வயிற்றில் தொந்தரவு இருப்பது மெய். அதற்கு வைத்த பெயர்தான் தவறு. பெயர் தவறினால் மருந்தும் தவறிப் போகிறது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் டென்ஷன். லத்தீனில் ‘டென்டெரே’ என்றால் இழு, நீட்டு. மின்கோபுரத்தில் ‘ஹை டென்ஷன்’ என்று எழுதியிருப்பதும் இதே சொல்தான். நம் ஊரில் இது கோபத்துக்கும் வரும், அவசரத்துக்கும் வரும், கவலைக்கும் வரும். “மேனேஜர் செம டென்ஷன்ல இருக்காரு” என்றால் கோபமாக இருக்கிறார். “பொண்ணு இன்னும் வரல, டென்ஷனா இருக்கு” என்றால் பயமாக இருக்கிறது. இத்தனை பொருளைச் சுமக்கும் சொல்லை மருத்துவரிடம் சொன்னால் அவருக்கு ஒன்றும் விளங்காது.

பதற்றத்துக்கு மருத்துவர் எழுதும் சொல் ஆங்ஸைட்டி. இது லத்தீன் ‘ஆங்கெரே’யிலிருந்து வந்தது, நெரி, இறுக்கு என்று பொருள். ஜெர்மன் மொழியின் ஆங்ஸ்ட், புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்கள் அறிந்த அங்குவாஸ் எல்லாம் ஒரே குடும்பம். தொண்டையும் நெஞ்சும் இறுகும் உணர்விலிருந்து அந்த மொழிகள் பெயர் எடுத்திருக்கின்றன. பிரெஞ்சுப் பேச்சு வழக்கில் பயத்தை ‘வயிற்றில் உருண்டை’ என்று சொல்வதும் உண்டு.

தமிழ் நேரே வயிற்றுக்குப் போகிறது. தேர்வு முடிவு வரும் காலையில் ‘வயிற்றில் புளியைக் கரைக்கிறது’. பிள்ளை வெளியூர் போனால் ‘வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு’ இருக்கிறோம். நள்ளிரவில் போன் அடித்தால் ‘அடிவயிறு கலங்குகிறது’. மனத்தில் ஏதாவது உறுத்தினால் ‘சோறு இறங்கவில்லை’. நல்ல செய்தி வந்தால் ‘வயிற்றில் பால் வார்த்தாய்’ என்கிறோம். இவற்றில் என்னை நிறுத்தி வைப்பது ‘கலக்குதல்’தான். தெளிந்த நீர் அடிமண் கிளம்பிக் குழம்புவது கலங்குதல். ‘வயித்தக் கலக்குது’ என்று ஒருவர் சொன்னால் அவருக்குப் பயம் என்றும் கொள்ளலாம், கழிப்பறைக்கு அவசரம் என்றும் கொள்ளலாம். பல நேரம் இரண்டும் சேர்ந்தேதான். பயமுறுத்தியவனை ‘பேதி கிளப்பிட்டான்’ என்பதும் இதே அறிவுதான். மனக்கலக்கம், வயிற்றுக்கலக்கம் இரண்டுக்கும் ஒரே வினையை வைத்துக்கொண்டவர்களுக்கு மூளைக்கும் குடலுக்கும் உள்ள உறவை யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் வழக்குகள் எவ்வளவு சரி என்பது தெரியும். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் அட்ரினலின், கார்ட்டிசால் என்ற ஹார்மோன்கள் சுரக்கின்றன. ஓடவோ எதிர்க்கவோ கை கால் தசைகளுக்கு ரத்தம் திரும்புகிறது. செரிமானம் அந்த நேரத்தில் முக்கியமில்லை. எச்சில் வற்றுகிறது. இரைப்பை தன் வேலையை மெதுவாக்கி, உள்ளே இருப்பதைக் கீழே தள்ளாமல் வைத்துக்கொள்கிறது. நெஞ்சுக்குக் கீழே கல் வைத்தது போன்ற பாரம், குமட்டல், சோறு இறங்காமை எல்லாம் இதனால்தான். பெருங்குடல் மட்டும் நேர்மாறு. அது வேகம் கொள்கிறது. பேருந்து ஏறப்போகும் நேரத்தில் பத்து நிமிடத்தில் மூன்று தடவை கழிப்பறைக்கு ஓடுவது அந்த வேகம். மேலே தேக்கம், கீழே அவசரம் என்று ஒரே வயிற்றில் இரண்டும் நடக்கிறது. அதனால்தான் நோயாளிக்குத் தன் தொந்தரவைச் சரியாகச் சொல்ல வரவில்லை.

1895-இல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள், அமெரிக்காவில் வால்ட்டர் கேனன் என்ற மாணவர் பூனைகளின் இரைப்பை அசைவை அதில் பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டால் அசைவு நின்றுவிடுவதையும், அமைதியானால் மறுபடி தொடங்குவதையும் கண்டார். பயம் இரைப்பையை நிறுத்துகிறது என்பதை அவர் கண்ணாலேயே பார்த்தார்.

குடல் சுவரில் மட்டும் 10 கோடிக்கும் மேல் நரம்பணுக்கள் இருக்கின்றன. மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளான செரட்டோனின் நம் உடலில் இருப்பதில் ஏறக்குறைய 90 விழுக்காடு குடலில்தான் உருவாகிறது. மூளையையும் குடலையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் பெயருக்கு லத்தீனில் ‘அலைந்து திரிவது’ என்று பொருள். அதிலுள்ள இழைகளில் ஐந்தில் நான்கு பங்கு கீழிருந்து மேலே, அதாவது உள்ளுறுப்புகளிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகின்றன. ஆகவே கலக்கம் மேலிருந்து கீழே மட்டும் இறங்குவதில்லை. வயிறு கெட்டிருந்தால் மனமும் காரணமில்லாமல் பதறும்.

இப்போது ‘கேஸ்’. பதினேழாம் நூற்றாண்டில் வான் ஹெல்மான்ட் என்பவர் ‘கேயாஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைப் பின்பற்றி உருவாக்கிய சொல் அது. ‘கேயாஸ்’ இன்றைய வழக்கில் குழப்பம், ஒழுங்கின்மை. தமிழில் வாயு என்றும், இன்னும் பழைய தமிழில் வளி என்றும் சொல்லலாம். நோய்க்குக் காரணமான மூன்றை வள்ளுவர் “வளிமுதலா எண்ணிய மூன்று” என்றே தொடங்குகிறார். பதற்றத்தில் இருப்பவர் அறியாமலே வேக வேகமாக மூச்சு வாங்குவார், அடிக்கடி எச்சில் விழுங்குவார். அதோடு காற்றும் உள்ளே போகும். அந்தக் காற்றுதான் ஏப்பமாகவும் உப்புசமாகவும் வெளிப்படும். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைக்கு இந்தக் காற்றோடு எந்தத் தொடர்பும் இல்லை. ஆனாலும் கேஸ் மாத்திரை என்ற பெயரில் வருடக்கணக்கில் காலையில் வெறும் வயிற்றில் அதை விழுங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

‘டென்ஷனால அல்சர் வந்துடுச்சு’ என்பதும் திருத்த வேண்டிய பேச்சு. இரைப்பைப் புண்ணுக்கு முதன்மைக் காரணங்கள் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமியும், கண்டபடி விழுங்கும் வலி மாத்திரைகளும். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்த பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. பதற்றம் இருக்கிற வலியைக் கூட்டிக் காட்டலாம். புண்ணுக்கான மருத்துவத்தைப் புண் இருப்பவருக்குத்தான் செய்ய வேண்டும்.

எங்கள் ஊர்க்காரன் என்ற உரிமையில் இன்னொரு சொல்: சூலை, அதாவது கடுமையான வயிற்றுவலி. தருமசேனர் என்ற பெயரோடு இதே பாடலிபுத்திரத்தில், இன்றைய திருப்பாதிரிப்புலியூரில், சமணத் தலைவராக இருந்த திருநாவுக்கரசருக்குச் சூலை நோய் வந்தது. கெடிலக் கரையிலுள்ள திருவதிகையில் அது தீர்ந்தது என்று பெரியபுராணம் சொல்கிறது. அங்கே அவர் பாடிய முதல் பாட்டில் “தோற்றாதென் வயிற்றின் அகம்படியே குடரோடு துடக்கி முடக்கியிட” என்று வருகிறது. வெளியே தோன்றாமல் வயிற்றின் உள்ளே குடலைக் கட்டி முடக்குகிறதாம். அவருக்கு வந்தது என்ன நோய் என்று இன்று பெயர் வைக்கும் வேலை நமக்கு வேண்டாம். ‘தோற்றாது’ என்ற ஒரு சொல் போதும். ஸ்கேன் எடுத்தாச்சு, எண்டோஸ்கோப்பி பார்த்தாச்சு, ஒன்றும் தெரியவில்லை, ஆனால் வலி இருக்கிறது என்று சொல்லும்போது வீட்டில் யாரும் நம்பாமல் போகிறார்களே, அவர்களுக்கு இந்த வரியைக் காட்ட வேண்டும்.

தோன்றாத இந்த வலிகளில் ஒன்றுக்குத்தான் மருத்துவர் சீட்டில் ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்று எழுதுகிறார்கள். தமிழில் ‘குடல் எரிச்சல் நோய்’ என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். இது எனக்கு ஒப்பவில்லை. எரிச்சல் என்றால் நமக்கு மிளகாய் பட்டது போன்ற காந்தல்தான் நினைவுக்கு வரும். ‘இரிட்டபிள்’ என்ற ஆங்கிலச் சொல் சொல்வது சிறு தூண்டலுக்கும் சிலிர்த்தெழும் இயல்பை. இந்த நோயில் குடல் எரிவதில்லை, புண்ணும் இல்லை. வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி, மலம் போவதையொட்டி அந்த வலி கூடுவது அல்லது குறைவது, போகும் தடவையும் மலத்தின் தன்மையும் மாறுவது என்று மூன்று மாதமாவது நீடித்தால் இதை எண்ணிப் பார்க்கிறார்கள். ‘பதற்றக் குடல்’ என்று சொன்னால் கடை வாசலில் நிற்பவருக்கும் புரியும். ஈழத்தில் ஆங்ஸைட்டிக்குப் ‘பதகளிப்பு’ என்று அழகாக வழங்குகிறார்கள். நம் பக்கம் அது பழகவில்லை என்பதால் பதற்றத்தையே வைத்துக்கொள்வோம்.

பெயர் சரியாக இல்லாததன் விளைவை அடிக்கடி பார்க்கிறேன். பதற்றக் குடலுக்கு, மனச்சோர்வுக்குத் தரும் அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதுவதுண்டு. குடலிலிருந்து மூளைக்குப் போகும் வலிச் செய்தியை அது தணிக்கிறது. அதை வாங்கிப்போன ஓர் அம்மா மறுநாள் அட்டையோடு திரும்பி வந்தார். “தம்பி, வயித்துக்குப் போய்க் காட்டினா பைத்தியத்துக்குக் குடுக்கற மாத்திரைய எழுதியிருக்காங்களாம், எம் பையன் செல்லுல பாத்துச் சொல்றான்” என்றார். அட்டையில் இரண்டு மாத்திரை மட்டும் குறைந்திருந்தது. நான் கேட்டேன்: “தானே புயல் அன்னைக்கு உங்களுக்கு எங்கம்மா கலங்குச்சு?” அவர் யோசிக்காமல் அடிவயிற்றில் கை வைத்தார். 2011 டிசம்பர் 30 விடியலில் கூரை பறந்ததைப் பார்த்தவர் அவர். அந்தக் கை இருக்கும் இடத்துக்கும் தலைக்கும் ஒரே நரம்பு ஓடுகிறது, மாத்திரை அதற்குத்தான் என்றேன். அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு, மருத்துவரிடம் மறுபடி பேசிவிட்டுப் போடுவதாகச் சொன்னார்.

மருத்துவரிடம் ‘கேஸ்’ என்று சொல்லாதீர்கள். எப்போது கலக்குகிறது, அதற்கு முன் என்ன நினைத்துக்கொண்டிருந்தீர்கள், தூக்கம் எப்படி என்று சொல்லுங்கள். புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மருத்துவமனையில் குடல் மருத்துவமும் மனநல மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்பினால் அவமானமாக நினைக்காதீர்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

எல்லாவற்றையும் பதற்றம் என்று தள்ளிவிடவும் கூடாது. மலத்தில் ரத்தம், தார் போல் கறுத்த மலம், முயலாமலே எடை இறங்குவது, விழுங்கச் சிரமம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, 45 வயதுக்குப் பிறகு புதிதாக வந்த தொந்தரவு ஆகியவற்றுக்கு உடனே சோதனை வேண்டும். நெஞ்சின் நடுவே அழுத்தம் வந்து, இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, உடல் வியர்த்தால் அதைக் கேஸ் என்று சொல்லிச் சோடா வாங்க வராதீர்கள். மாரடைப்பும் அப்படித்தான் தொடங்கும். 108-ஐக் கூப்பிடுங்கள்.