கார் வராத பாதைக்குக் கிளம்பும் முன்

திங்கட்கிழமை சைக்கிளைப் பழுதுபார்க்கக் கொண்டுவருபவர்களிடம் "எங்கே விழுந்தீர்கள்?" என்று கேட்டால், பல நேரம் பதில் பெரிய சாலையாக இருக்காது. சிங்கப்பூரின் ரயில் காரிடார், புலாவ் உபின் தீவு, இல்லையென்றால் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா இணைப்புப் பாதை. காரும் லாரியும் வராத பாதைதானே என்ற நிம்மதியில் வண்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் கிளம்பியிருப்பார்கள். அங்கே ஆளைச் சாய்ப்பது உதிரிக் கல்லும் பிடிக்காத பிரேக்கும். உடம்பைப் படுத்துவது வெயிலும் இடிமழையும். எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே பாதி ஏற்பாடு செய்துவிடலாம்.

முதலில் பாதை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ரயில் காரிடாரைத்தான் சொல்வோம். மலாயா ரயில்வேயின் பழைய தடம் அது; 2011 ஜூலை 1 அன்று சிங்கப்பூர் வசம் வந்தது. தெற்கே தஞ்சோங் பகார் பக்கத்திலிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை மொத்த நீளம் 24 கிலோமீட்டர். ரயில் எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாது. அதனால் மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, தடத்தைக் கிட்டத்தட்டச் சமமாகப் போட்டார்கள். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் கால் வலிக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணம். புக்கிட் தீமா பழைய ரயில் நிலையத்தில் தொடங்கித் தெற்கே புவன விஸ்தா வரை போய்த் திரும்புவது ஒரு குடும்பத்துக்கு நல்ல முதல் பயணம். அந்த நிலையத்துக்குக் கிங் ஆல்பர்ட் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்திலிருந்து நடந்தே வந்துவிடலாம்.

மடக்கு சைக்கிளை எம்ஆர்டியில் கொண்டுபோகலாம். மடித்த பிறகு 120 x 70 x 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ரயிலில் மடித்தே வைத்திருங்கள். செயின் அடுத்தவர் உடையில் படாமல் ஒரு துணிப்பை போட்டு மூடிவிடுங்கள்.

தார்ப் பாதையே வேண்டும் என்பவர்களுக்குப் பொங்கோல், செங்காங் பக்கம் சுற்றும் 26 கிலோமீட்டர் வடகிழக்கு ஆற்றோர வளையம் பொருந்தும். கிராமத்து வாசனை வேண்டும் என்றால் உபின். கிராஞ்சி, லிம் சூ காங் பண்ணைப் பக்கத்தையும் பலர் கேட்கிறார்கள். பச்சைப் பசேலென்று அழகான இடம்தான். ஆனால் நியோ தியூ ரோடு, லிம் சூ காங் ரோடு இரண்டும் வாகனங்கள் ஓடும் சாலைகள். கனரக லாரிகள் வேகமாக வரும். அங்கே தலைக்கவசம் சட்டப்படி கட்டாயம். ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள சாலையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டும். ஒரு குழுவில் ஐந்து வண்டிக்கு மேல் கூடாது. சின்னப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போக வேண்டாம்.

இனி டயர். ரயில் காரிடாரின் தரை பெரும்பாலும் இறுக்கிய பொடிக்கல். மழையில் மேல்பொடி கரைந்து, உருளும் கல் வெளியே வந்துவிடும். 25 மில்லிமீட்டர் பந்தயச் சைக்கிள் டயரால் அதில் நேராகப் போக முடியும், திரும்பும்போதுதான் வழுக்கும். 35 முதல் 40 மில்லிமீட்டர் அகலம் இருந்தால் கவலையில்லை. காற்று எவ்வளவு அடிப்பது? 70 கிலோ எடையுள்ளவருக்கு, 28 மில்லிமீட்டர் டயரில் பின்பக்கம் சுமார் 70 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு), 35-இல் 50, 40-இல் 40. முன்பக்கம் ஐந்து குறைவாக அடிக்கலாம். எடை கூடினால் காற்றையும் கூட்டுங்கள், டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எல்லையைத் தாண்டாமல். "கல்லென்று இருந்தால் பங்சர் ஆகாது" என்று நினைத்துக் கூடுதலாக அடிப்பவர்கள் உண்டு. அப்படி அடித்த டயர் பொடிக்கல்லில் துள்ளும், பிடிமானம் போய்விடும். காற்று குறைவாக இருந்தாலோ, தடத்தில் துருத்தும் வேரில் ஏறும்போது டியூப் ரிம்மோடு நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள், பாம்பு கடித்த மாதிரி. அப்படி இரட்டை ஓட்டை இருந்தால் முள்ளைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், காற்றைக் கூட்டுங்கள். ஒரே ஓட்டை என்றால், புது டியூப் போடும் முன் டயரின் உட்புறத்தை விரலால் மெதுவாக ஒரு சுற்றுத் தடவுங்கள். குத்தியது உள்ளேயே இருந்தால் புது டியூபும் பத்து நிமிடத்தில் போய்விடும். மாற்று டியூப், இரண்டு டயர் நெம்பி, சின்னப் பம்ப், ஆலன் கீ செட் ஆகியவற்றைப் பையில் வையுங்கள். பம்ப் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஒல்லியான பிரெஸ்டா வால்வுக்கும் கார் டயரில் இருக்கும் ஷ்ரேடர் வால்வுக்கும் பம்ப் தலை வேறு.

பிரேக்கைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பிரேக் நெம்பியை முழுக்க இழுங்கள். கைப்பிடிக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளியாவது மிஞ்ச வேண்டும். முன் பிரேக்கைப் பிடித்து வண்டியை முன்னே தள்ளினால் பின்சக்கரம் தூக்க வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் பின்சக்கரம் சுற்றாமல் இழுபட வேண்டும். ரப்பர் கட்டையில் உள்ள வரிப்பள்ளங்கள் மறைந்திருந்தால் கட்டையை மாற்றுங்கள். கட்டை ரிம்மில் மட்டும் படவேண்டும். டயரில் உரசினால் பக்கச்சுவரை அறுத்துவிடும். நெம்பிக்குள் கம்பி நுழையும் இடத்தில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் அந்தக் கம்பியை நம்பாதீர்கள். ஈரத்தில் ரிம் பிரேக் உடனே பிடிக்காது. தண்ணீரை வழித்துவிட சக்கரம் ஓரிரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும், அதற்குள் வண்டி வெகுதூரம் போயிருக்கும்.

சுங்கை காடுட், கிராஞ்சி பக்கத்துத் தங்குவிடுதிகளிலிருந்து ஞாயிறன்று பழைய சைக்கிளில் அரசகேசரி சிவன் கோயிலுக்கும் நண்பர்களைப் பார்க்கவும் போகும் வெளிநாட்டு ஊழியர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும். கைமாறி வரும் அந்த வண்டிகளில் கம்பி துருப்பிடித்து, ஒரு பிரேக் மட்டுமே வேலை செய்யும். பிரேக் இல்லாத சைக்கிளைப் பாதையில் ஓட்டுவது சட்டப்படி குற்றமும்கூட. இருட்டிய பிறகு முன்னே வெள்ளை விளக்கும் பின்னே சிவப்பு விளக்கும் வேண்டும். கம்பியும் கட்டையும் விளக்கும் பெரிய செலவில்லை. அந்தத் தம்பிகள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அவர்கள் வண்டியையும் ஒருமுறை பார்த்துக்கொடுங்கள்.

உபினுக்குச் சாங்கி பாயிண்ட் படகுத்துறையிலிருந்து பம்போட் என்ற சிறு மோட்டார் படகு போகிறது. 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ஒருவருக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), சைக்கிளுக்கு 2 வெள்ளி தனி, சில்லறையாக வைத்திருங்கள். அங்கேயே வாடகைக்கு எடுப்பதானால் கடைக்காரர் நீட்டிய முதல் வண்டியில் ஏறிவிடாதீர்கள். மேலே சொன்ன பிரேக் சோதனையைக் கடை வாசலிலேயே செய்யுங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலை மிதிகட்டையில் வைத்தால், அது கீழே இருக்கும்போது கால் நீண்டிருக்க வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் முழங்கால் வலிக்கும்.

உபினில் ஏற்றங்கள் சின்னவை, ஆனால் சட்டென்று சரியும். சரிவின் பாதியில் கல் உருள, பயத்தில் முன் பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் முன்சக்கரம் வழுக்கும் அல்லது ஆள் ஹேண்டிலுக்கு மேலே போவார். சரிவு தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். இடுப்பைச் சீட்டின் பின்பக்கம் நகர்த்தி, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்துப் பிடித்து விடுங்கள். வளைவுக்குள் பிரேக் போடக் கூடாது. சந்தேகமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள். பிள்ளைகளையும் தள்ளச் சொல்லுங்கள். தீவின் செக் ஜாவா சதுப்புநிலப் பகுதியில் சைக்கிளை வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் உள்ளே போக வேண்டும். கேத்தாம் மலைச்சைக்கிள் (மவுண்டன் பைக்) தடங்கள் பழகியவர்களுக்கு, வாடகை வண்டிக்கு இல்லை. ஹேண்டிலில் பிளாஸ்டிக் பையில் இட்லியும் சட்னியும் தொங்கினால் குரங்குக்கும் காட்டுப்பன்றிக்கும் நீங்களே அழைப்பு வைத்த மாதிரி. சாப்பாட்டை ஜிப் வைத்த முதுகுப்பைக்குள் போடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். சூரியன் ஏழு மணியளவில் உதிக்கிறது. ஏழரைக்குள் கிளம்பிப் பத்தரைக்குள் முடிப்பது நல்லது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள்: 31-க்குக் கீழே குறைவு, 31 முதல் 33-க்குள் மிதம், 33-ஐத் தொட்டால் அதிகம். அதிகம் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் ஒருவருக்கு வேண்டும். கூட வருபவர் குழறிப் பேசினால், தடுமாறினால், நிழலில் படுக்கவைத்து உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள். ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடி வழக்கம். சுமத்ரா எனும் திடீர்ச் சூறைக்காற்று விடிகாலையிலேயே அடிக்கும். இடி கேட்டால் மரத்தடி வேண்டாம். பக்கத்துக் கட்டடத்துக்கோ, குறுக்கே போகும் விரைவுச்சாலை மேம்பாலத்தின் அடிக்கோ போய்விடுங்கள்.

பூங்கா இணைப்புப் பாதையில் வேக எல்லை மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10. 2025 ஜூலை முதல், சைக்கிள் பாதைக்குப் பக்கத்தில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த தடத்தில் சைக்கிள் ஓட்டக் கூடாது. முந்தும்போது மணியைத் தூரத்திலேயே அடியுங்கள்; காதருகே அடித்தால் பயந்து உங்கள் பக்கமே விலகுவார்கள்.

வீடு திரும்பியதும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். செம்மண்ணைத் துணியால் துடைத்து, செயினை உலர்த்தி, ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் தட்டில் எண்ணெய் ஒரு துளியும் படக் கூடாது. ரிம் பிரேக் என்றால் ரப்பர் கட்டையை உற்றுப் பாருங்கள். பதிந்திருக்கும் பொடிக்கல்லை ஊசியால் நெம்பி எடுக்காவிட்டால், அடுத்த பயணத்தில் அது ரிம்மைச் சீவிக்கொண்டே போகும்.