வாசகருக்கேற்ற வடிவில் தகவல்: நூலகரின் வேலை நடக்கும் விதம்

கன்னியாகுமரி மாவட்டத்தின் குலசேகரம் பக்கத்தில் இரண்டு ஏக்கரில் ரப்பர் வைத்திருக்கும் ஒருவர் கிளை நூலகத்துக்கு வந்து, "ரப்பரைப் பத்தி புக் ஏதாவது இருக்கா சார்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வேளாண்மை அலமாரியைக் கைகாட்டிவிட்டால் அவர் கேட்டது கிடைத்துவிடும். ஆனால் அவருக்கு வேண்டியது கிடைத்திருக்காது. தோட்டத்தில் இலை கொட்டுகிறது என்பதுதான் அவரை வீட்டிலிருந்து கிளப்பியது. நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று தாமாகவே ஊகித்து, அந்தக் கவலையைப் புத்தகம் கேட்கும் ஒரு வாக்கியமாக அவர் மாற்றிக்கொண்டுவிட்டார்.

அமெரிக்க நூலகவியல் அறிஞர் ராபர்ட் டெய்லர் 1968-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இந்த மாற்றத்தை நான்கு நிலைகளாக விவரித்தார். சொல்லில் அடங்காத ஒரு குறையுணர்வு, மனத்துக்குள் மங்கலாக உருவாகும் தேவை, தெளிவாகச் சொல்லத்தக்க கேள்வி, கடைசியாக நூலகத்தின் அமைப்புக்கு ஏற்ப வளைக்கப்பட்ட கேள்வி என்பன அவை. நூலகரின் காதில் விழுவது நான்காவது நிலை மட்டுமே. அங்கிருந்து மறுகேள்விகளால் பின்னோக்கிச் சென்று முதல் நிலையைத் தொடுவதே தகவலை வாசகருக்கேற்ப மறுவடிவாக்கும் வேலையின் தொடக்கம்; இது சரியாக அமையாவிட்டால் பிறகு எவ்வளவு அழகாகத் துண்டறிக்கை அச்சிட்டாலும் பயனில்லை.

ரப்பர் விவசாயியிடம் கேட்க வேண்டிய முதல் மறுகேள்வி, இலை எந்த மாதத்தில் கொட்டுகிறது என்பது. டிசம்பர், ஜனவரியில் என்றால் அது ரப்பர் மரம் ஆண்டுதோறும் இலை மாற்றும் இயல்பு, மருந்து தேவையில்லை. அதன் பிறகு வரும் இளந்தளிர் சுருண்டு வெண்பொடி படர்ந்து விழுந்தால் அது சாம்பல் நோய். அதற்குக் கந்தகத் தூள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் பச்சை இலைகள் காம்போடு உதிர்ந்தால் அது பைட்டாப்தோரா என்ற நுண்ணுயிரியின் வேலை. அதற்குத் தாமிரம் கலந்த மருந்து. ஆக, கேட்ட புத்தகம் ஒன்றாக இருக்க, மாதத்தைப் பொறுத்து விடை மூன்றாகப் பிரிகிறது.

பைட்டாப்தோரா என்று தெரிந்தால் அடுத்த சிக்கல் வருகிறது. அந்தத் தாமிர மருந்தான போர்டோ கலவையை மழை தொடங்குவதற்கு முன்பே தெளித்திருக்க வேண்டும். ஜூலையில் நூலகத்துக்கு வருபவருக்கு அந்தக் குறிப்பு அடுத்த ஆண்டுக்குத்தான் முழுமையாக உதவும். எனவே நல்ல நூலகர் கேள்விக்காகக் காத்திருப்பதில்லை. ஐபிஎம் நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-இல் முன்வைத்த முறை இதற்கு அடிப்படை. ஒவ்வொரு பயனாளருக்கும் அவருடைய ஆர்வங்களைக் குறிக்கும் சொற்களைக் கொண்ட ஒரு குறிப்பு வைக்கப்படும். புதிதாக வரும் ஒவ்வோர் ஆவணத்தின் சொற்களும் அதனோடு ஒப்பிடப்பட்டு, பொருந்துபவை மட்டும் அவருக்குச் செல்லும். அவர் எவற்றை ஏற்றார், எவற்றை ஒதுக்கினார் என்பதைக் கொண்டு அந்தக் குறிப்பு திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ரப்பர், ஒரு ஹெக்டேருக்குக் குறைந்த நிலம், சொந்தப் பால்வெட்டு என்று ஒருவரைப் பற்றிக் குறித்துவைத்திருக்கும் கிளை நூலகர், கணினி இல்லாமலேயே ஏப்ரலில் அவருக்குப் போர்டோ கலவைக் குறிப்பைக் கொடுத்துவிடலாம்.

அதே லூன், அதே ஆண்டில், கட்டுரைகளை இயந்திரமே சுருக்கும் வழி ஒன்றையும் வெளியிட்டார். மிக அதிகமாக வரும் பொதுச்சொற்களும் மிக அரிதாக வரும் சொற்களும் ஒதுக்கப்படும். இடைப்பட்ட அளவில் வரும் சொற்கள் நெருங்கி அமைந்த வாக்கியங்களே சுருக்கமாக எடுக்கப்படும். அறிவியல் கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட இது போதும். செய்முறைக்குப் போதாது. ஒரு சதவீதப் போர்டோ கலவைக்கு நூறு லிட்டர் நீரில் ஒரு கிலோ மயில்துத்தமும் (தாமிர சல்பேட்) ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பும் சேர்க்க வேண்டும். உலோகமல்லாத பாத்திரங்களில் இரண்டையும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் கலக்கிக்கொண்டே ஊற்ற வேண்டும். பிறகு துரு நீக்கிய சாதாரண இரும்புக் கத்தியை அதில் நனைத்துப் பார்க்க வேண்டும். கத்தியில் செம்புநிறப் படிவு ஏறினால் தாமிரம் இன்னும் கரைசலில் தனித்து நிற்கிறது, இலை கருகும், சுண்ணாம்பு சேர்க்க வேண்டும் என்று பொருள். நீண்ட ஒரு கையேட்டில் கத்தி என்ற சொல் ஒருமுறைதான் வந்திருக்கக்கூடும். சொல் எண்ணிக்கையை நம்பினால் அந்த வாக்கியமே முதலில் வெட்டுப்படும். நூலகரின் திறமையை, எதைச் சுருக்கினார் என்பதைவிட எதைச் சுருக்க மறுத்தார் என்பதைக் கொண்டு அளப்பதே சரி என்று நான் கருதுகிறேன். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது; கருகிய இலையோடு திரும்பி வரும் வாசகருக்கு எந்த நேரமும் மிச்சமாகவில்லை.

கடற்கரையில் இதே வேலை வேறு உருவம் எடுக்கிறது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசிய கடல்சார் தகவல் சேவை மையம், செயற்கைக்கோள் காட்டும் கடல்மேற்பரப்பு வெப்பநிலையையும் பச்சையத்தின் அளவையும் கொண்டு மீன் கூடும் பகுதிகளைக் கணிக்கிறது. மீனவருக்கு வருவது அந்த வண்ணப்படங்கள் அல்ல; தம் இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை கிலோமீட்டரில், எத்தனை மீட்டர் ஆழத்தில் என்ற குறிப்பு. ஆனால் தகவல் சென்றடையும் வழியும் வடிவத்தின் ஒரு பகுதியே. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, தூத்தூர் பகுதியின் ஆழ்கடல் படகுகள் பலவும் கரையின் எந்த அழைப்பும் எட்டாத தொலைவில் இருந்தன. 2019-இல் அறிமுகமான ஜெமினி கருவி, செயற்கைக்கோள் வழியாக வரும் எச்சரிக்கையைப் படகிலுள்ள கைபேசித் திரையில் காட்டுவது அந்த இடைவெளியை நிரப்பத்தான்.

மறுவடிவாக்கம் எப்போதும் சுருக்குவதும் அல்ல. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் நாள் தமிழகத்தோடு இணைவதற்கு முந்தைய திருவிதாங்கூர்க் காலப் பத்திரங்களோடு வருபவருக்கு, விளக்கிக் கூட்டித்தான் தர வேண்டும். மலையாளத்தில் எழுதப்பட்டதைப் படித்துச் சொல்வதோடு, மலையாள நாட்காட்டியின் கொல்லம் ஆண்டையும் ஆங்கில ஆண்டாக மாற்றிக் காட்ட வேண்டும். ஆலயப் பிரவேசப் பிரகடனத்தின் நாளான 1112 துலாம் 27, ஆண்டோடு 824-ஐக் கூட்டினால் 1936 நவம்பர் 12. அதே 1112-இன் கும்ப மாதத்துக்கோ 825-ஐக் கூட்ட வேண்டும், ஏனெனில் அதற்குள் ஆங்கில ஆண்டு 1937 ஆகிவிடும்.

இப்படித் தயாரித்த எதற்கும் ஆயுள் உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் கிழக்குப் பகுதியிலுள்ள சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் உள்ளிட்ட மேற்குப் பகுதியில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்கு இரண்டு துண்டறிக்கைகள் வேண்டும். அவற்றில் ஆண்டையும், எந்த அரசாணையிலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் அச்சிடாமல் விட்டால், சுவரில் ஒட்டிய தாள் காலம் கடந்தும் உண்மைபோல் நிற்கும். 2020-இல் ஊரடங்கை முன்னிட்டுத் தடைக்காலம் 47 நாட்களாகக் குறைக்கப்பட்டு, கிழக்கே மே 31-இல் முடிந்தது, மேற்கே ஜூன் 15-இல் தொடங்கியது. அந்த ஆண்டு பழைய தாளைப் பார்த்தவருக்கு இரு கரையிலும் இரண்டு வாரம் தவறாகவே தெரிந்திருக்கும்.