வெனீர் போட்ட பல்லையும் துலக்கத்தான் வேண்டும்

மேல் முன்பற்களுக்குப் பீங்கான் வெனீர் (அழகுக்காகப் பல்லின் முன்முகத்தில் ஒட்டும் மெல்லிய தகடு) போட்டுக்கொண்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகாத ஓர் இளம்பெண், ஈறில் இரத்தம் கசிகிறது என்று சென்ற வாரம் வந்திருந்தார். வெனீர்களில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அவை ஈறைத் தொடும் இடத்தில் வெளிர்மஞ்சளாக அழுக்குப் படலம் தடித்திருந்தது. ஈறு சிவந்து வீங்கியிருந்தது. இரண்டு பற்களின் ஓரத்தில் சொத்தை தொடங்கிவிட்டிருந்தது. எப்படித் துலக்குகிறீர்கள் என்று கேட்டேன். "பிரஷ் பட்டால் பெயர்ந்து வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது டாக்டர், அதனால் முன்பக்கம் மட்டும் வெந்நீரில் கொப்பளித்து விட்டுவிடுவேன்" என்றார். இதே பதிலைச் சிறு மாற்றங்களுடன் பலரிடம் கேட்டுச் சலித்துப் போனதால்தான் இதை எழுதுகிறேன்.

பிரஷ் பட்டு வெனீர் கழன்று விழாது. பல்லின் கடினமான வெளிப்படலமான எனாமலை பாஸ்பாரிக் அமிலத்தாலும், பீங்கானின் உட்புறத்தை அதைவிடக் கடுமையான ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தாலும் நுண்ணிய அளவில் சொரசொரப்பாக்கி, இரண்டுக்கும் இடையே ரெசின் சிமெண்ட் என்னும் பசையை வைத்து, ஒளி பாய்ச்சி இறுகச் செய்கிறோம். எனாமலின் மேல் முறையாக ஒட்டப்பட்ட வெனீரை மாற்ற வேண்டிய நிலை வரும்போது அதை முழுதாகக் கழற்ற எங்களாலேயே பெரும்பாலும் முடிவதில்லை. டைமண்ட் பர் என்னும் வைரத்துகள் பதித்த சுழல்முனை கொண்டு அரைத்துத்தான் எடுக்கிறோம். அப்படியிருக்க, மென்மையான நைலான் இழைகள் அதைப் பெயர்த்துவிடும் என்று அஞ்சுவதில் பொருளில்லை. வெனீர் கழல்வதற்கும் உடைவதற்கும் காரணம் வேறு: கடிக்கும் விசை, உறக்கத்தில் பல்லைக் கடித்தல், ஓரத்தில் நுழையும் சொத்தை. துலக்காமல் விடுபவர் இந்த மூன்றாவதைத் தாமே வரவழைத்துக்கொள்கிறார்.

இதற்கு நேர் எதிரான நம்பிக்கை ஒன்றும் உண்டு: வெனீர் போட்டாகிவிட்டது, இனி அந்தப் பல்லுக்கு எதுவும் ஆகாது என்பது. பீங்கானுக்குச் சொத்தை வராது என்பது உண்மைதான். ஆனால் வெனீர் மூடுவது பல்லின் முன்முகத்தையும் பெரும்பாலும் கடிக்கும் விளிம்பையும் மட்டுமே. பின்புறமும் ஈறுக்குள் இருக்கும் வேரும் முன்பிருந்தபடியேதான் இருக்கின்றன. உள்ளே நரம்பும் இரத்த ஓட்டமும் உள்ள உயிருள்ள பல் அது. போதாக்குறைக்கு, வெனீர் உட்காருவதற்காக அதன் எனாமலை ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் அளவுக்கு இழைத்திருக்கிறோம், இழைத்த எனாமல் மீண்டும் வளராது. ஆகவே அது முன்பைவிடக் குறைந்த காப்புள்ள பல். கவனிப்பு கூடத்தான் வேண்டுமே தவிரக் குறையக் கூடாது. குளியலறைச் சுவரில் டைல்ஸ் பளபளக்கும்போதே இணைப்புகளில் கறுப்பேறுவதைப் போல, வெனீரின் முகம் அழகாக இருக்கும்போதே ஓரம் கெட்டுக்கொண்டிருக்கும். பராமரிக்க வேண்டியது அந்த ஓரத்தைத்தான்.

எனவே காலையிலும் இரவிலும், மென்மையான பிரஷை ஈறின் விளிம்பில் சாய்த்து வைத்து, அழுத்தாமல் துலக்குங்கள். ஃபுளோரைடு உள்ள சாதாரணப் பற்பசை போதும். உமிக்கரி, உப்பு, கரித்தூள், பல்லை வெண்மையாக்கும் சொரசொரப்பான பொடிகள் எல்லாவற்றையும் அலமாரியிலிருந்து அகற்றிவிடுங்கள். அவை பீங்கானின் மெருகைக் கீறிவிட்டால் பிறகு கறை அங்கேதான் பிடிக்கும். பல்லிடை நூலையும் பயன்படுத்துங்கள், அதுவும் வெனீரைப் பிடுங்காது. நூலை வெடுக்கென்று கீழ்நோக்கி இழுக்கத் தயக்கமாக இருந்தால் ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவி எடுங்கள். குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த மவுத்வாஷை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிப்பது வேண்டாம். ஓரங்களில் பழுப்புக் கறை படியும்.

'க்ளீனிங்' செய்தால் பல் ஆடிப்போகும் என்று வெனீர் இல்லாதவர்களே அஞ்சுகிற ஊரில், வெனீர் போட்டவர்கள் அந்தப் பக்கமே வருவதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள். வேறு மருத்துவரிடம் போனால், நாற்காலியில் அமர்ந்தவுடன் எந்தெந்தப் பற்களில் வெனீர் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். நன்றாகப் பொருந்திய வெனீரை அவசரத்தில் கண்டுபிடிப்பது எங்களுக்கே கடினம். பல்லில் படிந்த காரையை நீக்க நாங்கள் பயன்படுத்தும், அதிர்வில் இயங்கும் ஸ்கேலர் கருவியின் முனை ஓரத்தில் பட்டால் பீங்கான் சில்லுப் பெயரும். அமிலத்தன்மை கொண்ட ஃபுளோரைடு ஜெல் அதன் மேற்பரப்பை அரிக்கும். தெரிந்தால் கைக்கருவியையும் நடுநிலையான ஃபுளோரைடையும் பயன்படுத்துவோம்.

கடிப்பதைப் பற்றிச் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன். கரும்பை முன்பல்லால் உரிக்காதீர்கள். சீடை, நல்லி எலும்பு, பாட்டில் மூடி, சேஃப்டி பின், ஹேர்பின், நகம் ஆகியவற்றை முன்பல்லுக்குக் கொண்டுபோகாதீர்கள். கொய்யாவையும் ஆப்பிளையும் நறுக்கிச் சாப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. தையல் வேலை செய்யும் சகோதரிகளிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்போது நூலைப் பல்லால் அறுக்காதீர்கள், ஒரே இடத்தில் நாள்தோறும் விழும் அந்த இழுவையில் வெனீரின் நுனி தெறித்துவிடும்.

உறக்கத்தில் பல்லைக் கடிப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது தெரியாது. பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். காலையில் எழும்போது தாடை வலித்தால், அல்லது பல் நெறிபடும் சத்தம் கேட்டதாக வீட்டில் யாரேனும் சொன்னால், நைட் கார்டு (உறங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் காப்பு உறை) செய்து தரச் சொல்லுங்கள். செய்து வாங்கியதைப் பெட்டியிலேயே வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

பீங்கானுக்குப் பதில் ரெசின் கலவையால் ஆன காம்போசிட் வெனீர் போட்டவர்கள் கூடுதலாக ஒன்றை அறிந்திருக்க வேண்டும். பீங்கானைப் போலன்றி அது தேநீர், காபி, மஞ்சள், வெற்றிலை, புகை ஆகியவற்றின் நிறத்தை வாங்கிக்கொள்ளும். அதை அவ்வப்போது மெருகிட்டும் ஒட்டுப்போட்டும் சரிசெய்யலாம் என்பது அதன் நன்மை. பொதுவாக ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் அதை மாற்ற நேரும். பீங்கான் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தாங்கும், நன்றாகப் பராமரித்தால் மேலும் தாங்கும். ஆயுள் முழுக்க என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது விளம்பரம். ப்ளீச்சிங் இரண்டின் நிறத்தையும் மாற்றாது. சுற்றியுள்ள இயற்கைப் பற்கள்தாம் வெளுக்கும். ஆகவே பல்லை வெளுக்கும் எண்ணம் இருந்தால் வெனீருக்கு முன்பே சொல்லுங்கள்.

ஒருவேளை வெனீர் கழன்றுவிட்டால், தயவுசெய்து சூப்பர் குளூவைத் தொடாதீர்கள். அது உட்புறத்தில் திட்டுத்திட்டாக உறைந்துவிட்டால் அப்படியே திரும்ப ஒட்டியிருக்கக்கூடிய வெனீரைப் புதிதாகவே செய்ய வேண்டியதாகிவிடும். பசை பல்லையும் ஈறையும் புண்ணாக்கும். கழன்றதைச் சுரண்டாமல், தண்ணீரில் மட்டும் அலசி, மூடியுள்ள சிறு டப்பாவில் போட்டுக் கொண்டுவாருங்கள். டிஷ்யூ தாளில் சுற்றி வைத்தால் வீட்டில் யாராவது குப்பையில் போட்டுவிடுவார்கள். நள்ளிரவில் கழன்றால் பதற வேண்டாம், மறுநாள் வந்தால் போதும்; அதுவரை பல் கூசும் என்பதால் குளிர்ந்ததையும் புளிப்பானதையும் தவிர்த்து, அந்தப் பல்லையும் மெதுவாகத் துலக்கிவிட்டே வாருங்கள்.