மூடிக்கும் தடுப்புக்கும் நடுவில் அரை மில்லிமீட்டர்

நான் தையல் மெஷின் மெக்கானிக். மதுரைக்குள் குன்னத்தூர் சத்திரத்துத் தையல் கடைகளில் தொடங்கி, வெளியே திருமங்கலம், சோழவந்தான், உசிலம்பட்டி வரை பைக்கில்தான் போய்வருவேன். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தைய மே மாதம் யூனிஃபார்ம் தைக்கிறவர்களுக்கு உயிர்போகிற நேரம். மெஷின் அரை நாள் நின்றாலும் தவித்துப்போவார்கள். அப்படி ஒரு மே மாத மதியம், உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அக்கா வீட்டில் சாமான் பெட்டியைத் திறந்தேன். காலையில் பதினெட்டு அறைகளில் பிரித்து வைத்தது எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடந்தது. பாபின் கேஸ் ஸ்க்ரூ இருக்க வேண்டிய அறையில் வாசர்கள், அதாவது ஸ்க்ரூவுக்கு அடியில் போடும் தட்டை வளையங்கள். வாசர் அறையில் டென்ஷன் ஸ்பிரிங்கும் இரண்டு ஊசியும். மெஷினில் கை வைப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, கடுகுக்குள்ள வெந்தயத்தக் கொட்டுன மாதிரில்ல கெடக்கு" என்றார்.

பெட்டி கவிழவில்லை. கொண்டியும் திறந்துகொள்ளவில்லை. வழியெல்லாம் டிக்கியில் நேராகத்தான் இருந்தது. அப்புறம் எப்படிக் கலந்தது? அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய், சாமான் பெட்டி வாங்குவதைப் பற்றி நான் நினைத்திருந்தது முழுக்க மாறிப்போனது. பெட்டியை நாம் கடை மேஜைமேல் அசையாமல் இருக்கும்போது பார்த்து வாங்குகிறோம். ஆனால் அதற்குச் சோதனை நடப்பது ஓடுகிற வண்டியில்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். பெட்டிக்குள் கிடக்கும் வாசர் அடித்தளத்தோடு இருப்பது அதன் எடையால். பெட்டி மேலே எழும்பித் திடீரென்று கீழே இறங்கும்போது, வாசர் தானாக விழக்கூடிய வேகத்தைவிடப் பெட்டி சீக்கிரமாக இறங்கினால், வாசர் அந்தரத்தில் நின்றுவிடும். அடித்தளம் கீழே போய்விட்டது, வாசர் இன்னும் வந்து சேரவில்லை. இது நடக்கப் பெரிய பள்ளம் ஒன்றும் வேண்டாம். ஒரு நொடிக்கு 10 தடவை ஆடும் பெட்டி, நடுநிலையில் இருந்து இரண்டரை மில்லிமீட்டர் மேலும் கீழும் போனால் போதும், உள்ளே இருப்பது துள்ள ஆரம்பிக்கும். நொடிக்கு 20 தடவை என்றால் 0.6 மி.மீ.தான் தேவை. ஆட்டத்தின் வேகம் இரட்டித்தால் தேவையான தூரம் நான்கில் ஒன்றாகக் குறைந்துவிடுகிறது. நிறுத்திவைத்த பைக்கின் என்ஜின் சும்மா ஓடும்போதே நிமிடத்துக்கு 1,200 முதல் 1,500 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 20 முதல் 25. ஆக, சிக்னலில் நிற்கும்போதுகூடப் பெட்டிக்குள் நடமாட்டம் இருக்கலாம்.

இந்தத் துள்ளல் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, ஒரே அறைக்குள் சின்னதையும் பெரியதையும் பிரிக்கிறது. மிக்சர் டப்பாவில் தூளெல்லாம் அடியில் தங்கி, கடலை மேலே வந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சாமான்கள் துள்ளும் ஒவ்வொரு தடவையும் பெரியதற்கு அடியில் ஒரு சந்து திறக்கிறது. அந்தச் சந்தில் சின்னது நுழைந்துவிடும். சின்னதற்கு அடியில் திறக்கும் சந்தில் பெரியதால் நுழைய முடியாது. இப்படியே கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னது இறங்க, பெரியது ஏறுகிறது. இதற்கு அறிவியலில் பிரேசில் கொட்டை விளைவு என்று பெயர். எங்கள் வீட்டில் அம்மா சொளகில் அரிசியை ஆட்டிக் குருணையைத் தனியாக ஒதுக்குவதிலும் இந்தக் குணம் இருக்கிறது. அதனால் ஒரே அறையில் இரண்டு அளவு ஸ்க்ரூ போட்டால், போய்ச் சேரும்போது தேவையான சின்னது எப்போதும் அடியில்தான் கிடக்கும்.

இரண்டாவது வேலைதான் என்னைக் கவிழ்த்தது. தடுப்புச் சுவரின் உச்சிக்கும் மூடிக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி இருந்தால், துள்ளும் வாசர் அதன் வழியாகப் பக்கத்து அறைக்குப் போய்விடும். 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கான சாதா வாசரின் கனம் அரை மில்லிமீட்டர். 4 மி.மீ.க்கு 0.8, 5 மி.மீ.க்கு 1. ஒரு மில்லிமீட்டர் இடைவெளி நம் கண்ணுக்கு இடைவெளியாகவே தெரியாது. வாசருக்கு அது வாசல்.

போன வாசர் திரும்பி வராதா என்றால், வரும். ஆனால் நிறைந்த அறையில் இருந்து வெளியேறுகிறவை அதிகம், காலி அறையில் இருந்து திரும்புகிறவை குறைவு. அதனால் மொத்தத்தில் நெரிசலான பக்கத்தில் இருந்து காலியான பக்கத்துக்குத்தான் ஓட்டம் இருக்கும். ஒரு மூலையில் ஏற்றிய ஊதுபத்தியின் வாசனை வீடெல்லாம் பரவுகிற அதே கணக்கு. யாரும் தள்ளவேண்டியதில்லை, நேரமும் ஆட்டமும் இருந்தால் போதும். முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டம் தாராளமாகப் போதும்.

அக்கா சொன்ன கடுகும் வெந்தயமும் அன்று ராத்திரி வீட்டில் அஞ்சறைப் பெட்டியைத் திறக்க வைத்தது. வட்டமான எவர்சில்வர் பெட்டி, உள்ளே ஏழு கிண்ணம். வெளி மூடிக்குக் கீழே ஒரு தட்டு இருக்கிறதே, கிண்ணங்களின் வாயோடு ஒட்டி உட்காரும் தட்டு, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டியை மூட வெளி மூடியே போதும். ஆனால் வெளி மூடிக்கும் கிண்ணத்து வாய்க்கும் நடுவில் வெற்றிடம் இருக்கிறது, ஆட்டினால் கடுகு தாவும். உள்தட்டு ஒவ்வொரு கிண்ணத்தையும் தனித்தனியாக மூடுகிறது. கிண்ணங்கள் தனித்தனி என்பதால் சுவருக்கு அடியில் சந்து கிடையாது. நான் வாங்கியிருந்த பெட்டியிலோ தடுப்புகள் எல்லாம் காடியில், அதாவது நீளப் பள்ளத்தில், செருகும் ரகம். மேலே ஒரு சந்து, அடியில் ஒரு சந்து, பக்கத்தில் ஒரு சந்து. அறையின் அளவை மாற்றிக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டுத்தான் அதை வாங்கினேன். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட மாற்றவில்லை.

சரி, காலையில் நன்றாக மூடிய மூடியில் மதியம் எப்படி இடைவெளி வந்தது? அதற்குக் காரணம் வெயில்.

இந்தப் பெட்டிகளின் பால்நிற மூடி பெரும்பாலும் பாலிப்ரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அது சூட்டில் நன்றாக நீளும். 30 செ.மீ. நீள மூடி ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.03 மி.மீ. கூடும். மே மாதத்தில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். வெயிலைப் பார்த்தபடி இருக்கும் மூடி, நிழலில் இருக்கும் அடிப்பாகத்தைவிட 17 டிகிரி கூடுதலாகச் சூடானால் அரை மில்லிமீட்டர் நீண்டுவிடும். அரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் மூடியின் இரண்டு முனையையும் கொண்டி பிடித்திருக்கிறது. நீளப் போக இடமில்லாத மூடி நடுவில் வில்லாக எழும்பும். முனைகள் துளியும் நகராது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அரை மில்லிமீட்டர் நீளம் கூடியதற்கு நடுப்பகுதி ஏழு மில்லிமீட்டருக்கு மேல் உயர வேண்டும்! கணக்கைப் போட்டு முடித்ததும் நம்பாமல் இரண்டு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். நடைமுறையில் கொண்டியிலும் கீலிலும் கொஞ்சம் தளர்வு இருப்பதால் அவ்வளவு போகாது. ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போனாலே வாசருக்குப் போதும். கோடையில் தண்டவாளம் வளைந்துபோவதும் இதே விஷயம்தான்.

அதனால் பெரிய ஒற்றை மூடியில் முனைக்கு ஒன்றாக இரண்டு கொண்டி இருப்பதைவிட, நடுவிலும் ஒரு பிடிப்பு இருக்கும் பெட்டி நல்லது. மூடியின் உள்பக்கம் தடுப்புகளுக்கு நேராகக் காடி ஓடினால் இன்னும் நல்லது. மூடி கொஞ்சம் எழும்பினாலும் சுவரின் உச்சி காடிக்குள்ளேயே இருக்கும், நேர் வழி கிடைக்காது. இருக்கிற பெட்டியையே சரி செய்ய வேண்டுமானால், குழந்தைகள் விளையாடும் பாய் செய்கிற ஈ.வி.ஏ. ஸ்பான்ஜ் தாளை மூடிக்குள் ஒட்டுங்கள். மூடி எழும்பினால் அதுவும் விரிந்து சந்தை அடைக்கும். மெத்தை ஸ்பான்ஜ் வேண்டாம், அது ஈரத்தைக் குடிக்கும், சூட்டில் கொஞ்ச நாளில் பொடியாகும்.

பிளாஸ்டிக் வகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடிபோல் பளிச்சென்று இருக்கும் மலிவான டப்பா பெரும்பாலும் பாலிஸ்டைரீன். உள்ளே இருப்பது அழகாகத் தெரியும். ஆனால் கீழே விழுந்தால் சில்லாகும், பெட்ரோல், தின்னர் பட்டால் கரையும். மெஷின் கழுவும் மண்ணெண்ணெய் பட்ட ஒரு டப்பா என்னிடம் மெல்லிய கீறல் கீறலாக விரிந்து உடைந்தது. பாலிப்ரோப்பிலீன் அவ்வளவு தெளிவாக இருக்காது, வளையும், எண்ணெய்க்கு அசராது. 1954இல் இத்தாலியில் மிலான் நகரத்தில் ஜூலியோ நாட்டா இதன் மூலக்கூறுகளை ஒழுங்கான வரிசையில் கோத்துக் காட்டினார். அந்த ஆராய்ச்சிக்காக 1963இல் ஜெர்மனியின் கார்ல் ஸீக்லரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன் அருமை கீலில் தெரியும். மூடியும் அடியும் ஒரே வார்ப்பாக, நடுவில் மெல்லிய கோடு மட்டும் கீலாக இருக்கும் டப்பாக்கள் உண்டு. முதல் தடவை மடக்கும்போது அந்தக் கோட்டில் இருக்கும் நீண்ட மூலக்கூறுகள், தேங்காய் நாரைத் திரித்துக் கயிறாக்கியதுபோல ஒரே திசையில் அணிவகுத்துவிடும். அதனால் லட்சக்கணக்கான தடவை மடக்கினாலும் தாங்கும். இதற்கு எதிரி வெயில்தான். புற ஊதாக்கதிர் அந்தச் சங்கிலிகளை அறுக்கும். மேற்பரப்பு வெளுத்து, விரலில் மாவுபோல ஒட்டினால் கீல் போகப்போகிறது என்று பொருள். கரித்தூள் கலந்த கறுப்புப் பிளாஸ்டிக் அதிக நாள் தாங்கும், ஆனால் சூடும் அதிகமாக ஏறும்.

அடியில் முக்கோணத்துக்குள் எண் இருக்கும்: 5 பாலிப்ரோப்பிலீன், 6 பாலிஸ்டைரீன். எண் இல்லையா? உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் தண்ணீரில் போடுங்கள். பாலிப்ரோப்பிலீன் மிதக்கும், பாலிஸ்டைரீன் முங்கும்.

எடையையும் கவனியுங்கள். ஒரு லிட்டர் கெட்டி இரும்பு 7.8 கிலோ. நட்டும் ஸ்க்ரூவுமாகக் கொட்டினால் பாதிக்கு மேல் காற்றுதான், அப்படியும் லிட்டருக்கு மூன்று கிலோ பக்கம் வரும். ஆழமான பெரிய பெட்டி ஒன்றைவிட ஆழம் குறைந்த சின்னப் பெட்டிகள் இரண்டு மூன்று மேல். ஸ்பானரையும் சுத்தியலையும் இதே பெட்டிக்குள் போடவே கூடாது. அவற்றின் இடம் பை.

ஐப்பசி மழையில் கவலை வேறு மாதிரி. காற்றில் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று கூடும். ரப்பர் விளிம்பு இல்லாத பெட்டி தினமும் மூச்சு விடுகிறது. பகலில் 60 டிகிரி வரை சூடான உள்காற்று, ராத்திரி 27க்குக் குளிரும்போது பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அந்த இடத்தை வெளியே இருக்கும் ஈரக்காற்று வந்து நிரப்பும். ஆனாலும் பயப்படத் தேவையில்லை. 30 டிகிரியில் முழுக்க ஈரமான காற்று பத்து லிட்டரில் இருக்கும் தண்ணீர் வெறும் 0.3 கிராம். ஈரத்தை உறிஞ்சும் மணிகள் போட்ட பத்து கிராம் சிலிகா ஜெல் பொட்டலம் தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். நன்றாக மூடும் பெட்டிக்கு மழைக்காலத்தில் அது பல நாள் தாங்கும். நீல மணி ரோஜா நிறமானால் குடித்துத் தீர்த்தது என்று அர்த்தம். அந்த நீலம் கோபால்ட் உப்பு, சமையல் பாத்திரத்தில் வைத்துச் சூடாக்காதீர்கள்.

ஊசிகளை மட்டும் நான் எந்த அறையிலும் கொட்டுவதில்லை. 14 நம்பர் ஊசியின் தண்டு 0.9 மி.மீ., 16 நம்பர் 1 மி.மீ. வித்தியாசம் ஒரு தாளின் கனம். கலந்துவிட்டால் கண்ணால் பிரிப்பது பெரிய பாடு, மெல்லிய துணியில் தப்பான ஊசி ஓடினால் துணிக்காரருக்கு நஷ்டம். அதனால் அவை அவற்றின் உறையிலேயே இருக்கும்.

அறையின் அடியையும் தொட்டுப் பாருங்கள். மூலை கூராக, தளம் வழுவழுப்பாக இருந்தால் எண்ணெய் பட்ட வாசர் பச்சக்கென்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருக்கும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் பரப்பு இழுவிசை அதைக் கீழே பிடித்து வைக்கிறது. அஞ்சறைப் பெட்டிக் கிண்ணம்போல உள்மூலை வளைந்திருந்தால், விரலால் சரித்து மேலே கொண்டுவந்துவிடலாம்.

இப்போது கடைக்குப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு விசிட்டிங் கார்டும், 3 மி.மீ. வாசர் பத்தும் எடுத்துப் போகிறேன். தடுப்பின் மேல் இரண்டு கார்டையும் சேர்த்து வைத்து மூடிப் பார்ப்பேன். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 0.6 மி.மீ. இழுத்தால் தாராளமாக வருகிறதென்றால் அந்தப் பெட்டி வேண்டாம். இறுகப் பிடித்தால் அடுத்த சோதனை: வாசர்களை நடு அறையில் போட்டு, மூடி, தலைகீழாகப் பிடித்து இருபது தடவை குலுக்குவேன். சிம்மக்கல் பக்கம் ஒரு கடைக்காரர் முதல் தடவை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுத்த தடவை போனபோது, "அண்ணே, புதுசா ஒண்ணு வந்திருக்கு, நானே குலுக்கிப் பாத்துட்டேன், தாண்டல" என்று எடுத்து வைத்தார். கிண்ணம் கிண்ணமாகக் கழற்றும் ரகம், மூடிக்குள் காடி, நடுவில் மூன்றாவது கொண்டி. வாங்கி வந்தேன். போன யூனிஃபார்ம் சீசன் முழுக்க டிக்கியில் கிடந்தது, ஒரு வாசர்கூட அறை மாறவில்லை.