கேபரே: களியாட்டம் அல்ல, சிற்றரங்கு

பியானோ வாசித்தபடியே பாடிய அமெரிக்கப் பாடகர் பாபி ஷார்ட்டைக் 'களியாட்ட விடுதிப் பாடகர்' என்று எழுதுவதை இனியாவது நிறுத்த வேண்டும். மூலத்தில் 'கேபரே' என்று கண்டால் போதும், நம் மொழிபெயர்ப்பாளர்களின் கை தானாகக் களியாட்டத்துக்குப் போய்விடுகிறது.

கேபரே பிரெஞ்சுச் சொல். முதலில் மதுக்கடையைக் குறித்தது. அதற்கும் பின்னால் போனால் 'சிற்றறை' என்ற பொருள். வேர், அறையைக் குறிக்கும் லத்தீன் 'கேமரா'. 1881இல் பாரிஸின் மோன்மார்த்தரில் ரொதோல்ஃப் சாலி 'கறுப்புப் பூனை' என்ற விடுதியைத் திறந்தார். கவிஞர்களும் பாடகர்களும் அங்கே மேசைகளுக்கு நடுவே நின்று பாடினார்கள். இடத்தின் பெயர் கலையின் பெயரானது இப்படித்தான்.

தமிழுக்கு அது வந்த வழி வேறு. அறுபது, எழுபதுகளின் படங்களில் வில்லனின் விடுதியில் நடக்கும் ஆட்டத்துக்குத்தான் இங்கே 'கேபரே டான்ஸ்' என்று பெயர். அந்த நினைவிலிருந்து பிறந்ததுதான் 'களியாட்டம்'.

இந்தச் சொல்லில் எதுவுமே பொருந்தவில்லை. 'களி' என்றாலே கள்ளும் மயக்கமும் கூடவே வரும். விவிலியத்தில் கலாத்தியர் நிருபம் பாவங்களை அடுக்கும்போது 'வெறிகள், களியாட்டுகள்' என்றுதான் சேர்த்துச் சொல்கிறது. இலங்கையில் 'களியாட்ட விழா' என்றால் கார்னிவல். ஏற்கெனவே இரண்டு வேலை பார்க்கும் சொல்லின் தலையில் மூன்றாவதை ஏன் ஏற்ற வேண்டும்? அப்புறம், 'ஆட்டம்' எங்கே இருக்கிறது? பாபி ஷார்ட் ஆடவில்லை. 1968 முதல் 2004 வரை நியூயார்க்கின் கார்லைல் ஓட்டலில், சுமார் 90 பேர் அமரும் ஒரு கூடத்தில், கோட்டு சூட்டுடன் பியானோ முன் உட்கார்ந்து பாடினார். 'கேளிக்கை விடுதி' என்பதும் சரிவராது. அதில் கேளிக்கை வரி ஞாபகம் வருகிறதே தவிர, பாட்டு ஞாபகம் வருவதில்லை.

அந்தக் கூடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் சொல் தானாக அமையும். கோல் போர்ட்டர் பாட்டெழுதி இசையமைத்த 'எனிதிங் கோஸ்' என்ற இசை நாடகம் 1934இல் நியூயார்க்கின் நாடக அரங்குகளான பிராட்வேயில் அரங்கேறியது. ஆயிரம் இருக்கைக்கு மேலுள்ள அந்த அரங்கில் ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசையை எட்டிய குரல் அதன் நடிகை எதெல் மெர்மனுடையது. அந்த நாடகத்தில் ஒருவரையொருவர் புகழ்ந்து உலகத்துச் சிறப்புகளையெல்லாம் அடுக்கும் ஒரு பாட்டு உண்டு. மகாத்மா காந்தி வருவார்; அடுத்து அவருக்கு எதுகையாக நெப்போலியன் பிராந்தி வரும். மதுவிலக்குக்காக நின்றவரைப் பிராந்தியோடு கோத்த குறும்பு! பெரிய அரங்கில் அது கைதட்டலோடு பறந்துவிடும். சிறிய கூடத்தில் பாடகர் அந்தப் பெயருக்கு முன் அரை நொடி தாமதித்தால் பக்கத்து மேசைக்காரரின் புன்னகைகூடத் தெரியும். பல்லவிக்கு முன்னால் பேச்சுபோல ஒரு முன்பகுதி வரும். எனக்குக் கவிதை வராது என்று அதில் சொல்லிவிட்டுத்தான் பாட்டு அடுக்கத் தொடங்குகிறது. இதுபோன்ற முன்பகுதிகளை இசைத்தட்டிலும் வானொலியிலும் பெரும்பாலும் வெட்டிவிடுவார்கள். கேபரே பாடகர்கள் தேடிப்பிடித்துப் பாடுவார்கள். ஷார்ட் 1971இல் போர்ட்டர் பாடல்களுக்கென்றே ஓர் இசைத்தொகுப்பு வெளியிட்டார். சொல்லைக் கேட்க வைப்பதுதான் இந்தக் கலை.

எனவே நான் 'சிற்றரங்கு' என்பேன். சிற்றரங்குப் பாடகர், சிற்றரங்குப் பாட்டு. வேரிலுள்ள சிற்றறையும் இதில் இருக்கிறது, பாட்டுக்கான மேடையும் இருக்கிறது. 'கேபரே' என்றே விடலாமே என்பார்கள். எனக்குக் கடன்சொல் மீது பகை இல்லை. பியானோவைப் பியானோ என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் கேபரே தமிழில் ஏற்கெனவே ஒரு நடனமாகிவிட்டது.

இதோடு சேர்த்து இன்னொன்று. போர்ட்டரைப் 'பாடலாசிரியர்' என்று மட்டும் எழுதுவதும் தவறு. தமிழில் பாடலாசிரியர் வரி எழுதுபவர், மெட்டு வேறொருவருடையது. பிராட்வேயிலும் பெரும்பாலும் அப்படித்தான்: ரிச்சர்ட் ராட்ஜர்ஸ் இசை, லோரன்ஸ் ஹார்ட் வரி. போர்ட்டரும் இர்விங் பெர்லினும் இரண்டையும் தாங்களே செய்தவர்கள். இதற்கு நம் இசையுலகில் 'வாக்கேயக்காரர்' என்ற சொல் காலங்காலமாகப் புழங்குகிறது. வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள், பக்திப் பாடலுக்கே உரியது என்று சிலர் தடுப்பார்கள். இவ்வளவு துல்லியமான சொல்லை வேறு யாராவது தரும்வரை போர்ட்டரை வாக்கேயக்காரர் என்றே எழுதுவேன்.