"ஒயரிங் மட்டும்தான் பாக்கி" என்று சொல்லி விற்கும் வண்டி

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் கராஜ் வைத்திருக்கிறேன். வாரக்கடைசியில் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பானெட் திறந்த ஒரு பழைய ஃபோர்டு எஸ்கார்ட், இல்லையென்றால் நிஸான் 1400 பக்கி (பின்னால் சாமான் ஏற்றும் பிக்கப்), இல்லையென்றால் ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப். உள்ளே அந்த வண்டிக்குச் சொந்தமில்லாத ஓர் எஞ்சின். கீழே ஒரு கேள்வி: "அண்ணா, வாங்கலாமா?"

என் பதில் பல வருடமாக மாறவில்லை. எஞ்சினை மறந்துவிட்டு விலை போடுங்கள். அந்த வண்டி எஞ்சினே இல்லாமல் வெறும் பாடியாக நின்றால் என்ன கொடுப்பீர்களோ அங்கிருந்து தொடங்குங்கள். போட்டிருக்கும் எஞ்சினுக்குப் பேப்பர் இருக்கிறது, அது ஒழுங்காக ஓடுகிறது, அதைச் சுற்றிச் செய்த வேலை சரியாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அதற்குத் தனியாக ஒரு ரேண்ட் சேர்க்க வேண்டும். விற்பவர் கணக்கு எப்போதும் வேறு. எஞ்சினுக்குக் கொடுத்தது, கியர்பாக்ஸுக்குக் கொடுத்தது, வெல்டருக்குக் கொடுத்தது எல்லாவற்றையும் கூட்டி, அதற்கு மேல் பாடி விலையையும் வைப்பார். அவர் செலவு செய்தது உண்மையாகவே இருக்கட்டும். அந்தச் செலவில் நல்ல வேலை நடந்ததா என்பதைத்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

எஞ்சின் மாற்றிய வண்டி என்றாலே கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்த நாட்டில் அதற்குப் பெரிய மரியாதை உண்டு. 1970-களின் தொடக்கத்தில் பேசில் கிரீன் என்ற வண்டி கட்டுபவர் ஃபோர்டு காப்ரியில் 302 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) எஞ்சினைப் போட்டுச் செய்த பெரானா வண்டிகளை ஃபோர்டு டீலர்களே விற்றார்கள். 1973-இல் செவ்ரலே ஃபயரென்ஸாவில் ஐந்து லிட்டர் வி8 போட்டு வந்த கேன் ஆம் வண்டி சுமார் நூறுதான். இன்றைக்கு இவற்றின் மதிப்பே வேறு. அதனாலேயே, சாதாரணக் காப்ரியில் வி8 போட்டுவிட்டு "இது ஒரிஜினல் பெரானா" என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் சேஸிஸ் எண்ணையும் பழைய பேப்பர்களையும் விவரம் தெரிந்த கிளப் ஆட்களிடம் காட்டாமல் பணத்தை எடுக்காதீர்கள்.

நான் பாடியைக்கூட அப்புறம்தான் பார்ப்பேன். முதலில் பேப்பர். இங்கே வண்டியின் சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் சேர்ந்தே நாட்டிஸ் என்ற தேசிய வண்டிப் பதிவுக் கணக்கில் இருக்கின்றன. எஞ்சினை மாற்றினால் புது எண்ணைப் பதிய வேண்டும். அதற்கு எஞ்சின் எங்கே வாங்கியது என்ற ரசீதும் போலீஸ் கிளியரன்ஸும் வேண்டும். நிறையப் பேர் இதைச் செய்வதே இல்லை. ஒருவர் மாற்றுவார், இன்னொருவருக்கு விற்பார், அவர் மூன்றாவது ஆளுக்கு விற்பார். பேப்பரில் மட்டும் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே பழைய எண் உட்கார்ந்திருக்கும். எண் பொருந்தவில்லை என்றால் அலைச்சல்தான், ஆனால் ரசீது இருந்தால் சரிசெய்துவிடலாம். ரசீது இல்லையென்றால் அந்த அலைச்சல் எங்கே முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

எண்ணே சுரண்டியிருந்தால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். ஒரு பழைய துணியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். கிரீஸைத் துடைத்துவிட்டு எழுத்துகள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா, சுற்றிலும் கிரைண்டர் ஓடிய தடம் இருக்கிறதா என்று பாருங்கள். 1996-ஆம் ஆண்டின் தேசிய சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி எண்ணை அழிப்பது குற்றம். அப்படி அழித்த எண்ணோடு வண்டியை வைத்திருப்பதும் குற்றம். "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது, சார்" என்று ரோட்பிளாக்கில் சொல்லி வண்டியைத் திரும்ப வாங்க முடியாது. இந்த விஷயத்தில் நல்ல குடும்பத்துப் பையன்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நிற்பதைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது.

அப்படியே பதிவுப் பேப்பரில் கோட் என்ன என்று பார்த்துவிடுங்கள். கோட் 2 சாதாரணப் பழைய வண்டி. கோட் 3 என்றால் மீண்டும் கட்டிய வண்டி. திரும்ப விற்கும்போது விலை இறங்கும். கோட் 4 என்றால் உடைத்துப்போட்டதாகக் கணக்கு, ரோட்டுக்கு வரவே வராது. வருடா வருடம் புதுப்பிக்கும் லைசென்ஸ் டிஸ்க் எந்த வருடத்தோடு நிற்கிறது என்பதும் முக்கியம். பாக்கியும் அபராதமும் ஏறிக்கொண்டே போயிருக்கும்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு தம்பிக்காக நான் போய்ப் பார்த்த மார்க் 1 எஸ்கார்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டொயோட்டாவின் 4ஏ-ஜிஇ எஞ்சின் போட்டது, நம் பையன்கள் உயிரை விடுகிற அந்த ட்வென்டி வால்வ் (இருபது வால்வு) எஞ்சின். 1,600 சிசியில் ஏறக்குறைய 160 குதிரைத்திறன் தரும் அருமையான எஞ்சின். ஆனால் அது முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்காகச் செய்தது. அங்கே குறுக்காக உட்கார்ந்திருக்கும். எஸ்கார்ட்டில் நீளவாக்கில் உட்கார வேண்டும். அப்படித் திருப்பி வைத்தால் எஞ்சின் ஹெட்டின் பின்னால் இருக்கும், ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினுக்கும் உள்ளே உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வாலில் போய் முட்டும். தண்ணீர் வெளியே வரும் வழியும் அங்கேயே மாட்டிக்கொள்ளும். முறையாகச் செய்பவர்கள் டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு காயில் பேக்கும் எஞ்சினை ஓட்டும் தனிக் கம்ப்யூட்டரும் போடுவார்கள், தண்ணீர்க் குழாயை முன்பக்கம் கொண்டுவருவார்கள், பின்சக்கரக் கொரோலாவின் டி50 கியர்பாக்ஸைத் தேடிப் பொருத்துவார்கள். மற்றவர்கள் சுத்தியலை எடுத்து ஃபயர்வாலை உள்ளே அடித்துவிடுவார்கள். இந்த வண்டியில் இரண்டாவதுதான் நடந்திருந்தது.

அதைக்கூடச் சரிசெய்யலாம். எனக்கு நிஜமாகவே பயம் தந்தது பெட்ரோல் குழாய். கார்புரேட்டர் எஞ்சினுக்குப் பெட்ரோல் கால் பார் அழுத்தத்தில் போனால் போதும். இன்ஜெக்ஷனுக்கு மூன்று பார் அளவுக்கு வேண்டும். புதுப் பம்ப் போட்டிருந்தார்கள். குழாய் மட்டும் பழைய ரப்பர், சாதாரணக் கிளிப். அது போன வழி எக்ஸாஸ்ட்டுக்குக் கைப்பிடி தூரம். ஒரு நாள் அந்தக் கிளிப் நழுவினால் சூடான இரும்பின் மேல் பெட்ரோல் பீய்ச்சியடிக்கும். பேப்பர்படி அந்த வண்டி 1100 சிசி. முன்சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஐம்பது குதிரைத்திறனை நிறுத்துவதற்குச் செய்த பிரேக் மூன்று மடங்கு சக்தியை நிறுத்த வேண்டும். பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அதுவும் அதே கதைதான்.

நான் பாடி விலையைச் சொன்னேன். விற்பவர் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி வெறுங்கையோடு திரும்பினார், முகம் வாடிவிட்டது. பரவாயில்லை. அந்தக் குழாயோடு அவர் பிள்ளைகளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு போவதற்கு நான் சரி என்று சொல்லியிருக்க முடியாது.

முடிக்காமல் விற்கும் வண்டிகளில் காதில் விழும் வார்த்தை எப்போதும் இதுதான்: "ஒயரிங் மட்டும்தான் பாக்கி." கேட்கும்போது சின்ன வேலை மாதிரி இருக்கும். அந்த வண்டியில் மிச்சமிருக்கும் மிகப் பெரிய வேலையே அதுதான். எஞ்சினை இறக்கி மவுண்ட் வெல்ட் செய்வதற்கு இரண்டு நண்பர்களும் ஒரு வாரக்கடைசியும் போதும். அதற்குப் பிறகு சென்சார், கம்ப்யூட்டர், பம்ப் ரிலே, ஃபேன் ரிலே, சார்ஜிங், மீட்டர்கள் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய ஃப்யூஸ்கள் இருக்கும் ஒரு பழைய வண்டியோடு பேச வேண்டும். வேலை தெரிந்த ஆட்கள் குறைவு, கூலி அதிகம். அதனால்தான் விற்பவர் அங்கே நிறுத்தியிருக்கிறார். அதோடு, எஞ்சின் ஓடிப் பார்க்காதவரை ரேடியேட்டர் போதுமா, கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் ப்ராப் ஷாஃப்ட்டின் கோணம் சரியா, கிளட்ச் பிடிக்குமா என்று ஒன்றுமே தெரியாது. ஓடாத வண்டியில் எந்த வேலையையும் முடிந்ததாக எண்ணாதீர்கள்.

ஓடுகிற வண்டி என்றால் எஞ்சின் கம்ப்யூட்டர் எது என்று கேளுங்கள். ஸ்பிட்ரானிக்ஸ், கோடெக், டிக்டேட்டர் என்று நம் நாட்டிலேயே செய்யும் பெட்டிகள் இருக்கின்றன. அதில் வேலை தெரிந்த ஆள் பக்கத்தில் கிடைக்கும் பெட்டி என்றால் நல்லது. மேப் ஃபைலும் (எஞ்சினுக்குப் பெட்ரோலும் ஸ்பார்க்கும் எப்படிப் போக வேண்டும் என்ற அமைப்பு) பாஸ்வேர்டும் ஒயரிங் படமும் கையில் வர வேண்டும். மேப்பைப் பூட்டிவைத்துவிட்டுப் போனால், சின்னத் திருத்தத்துக்கும் பூட்டியவரையே தேட வேண்டியிருக்கும்.

ஜோஹன்னஸ்பர்க்கிலிருந்து வரும் வண்டிகளுக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே கடல்மட்டத்திலிருந்து 1,700 மீட்டர் உயரம், காற்று வறண்டது, அதனால் துரு குறைவு. இங்கே கடலோரம் மெர்பேங்க், இசிபிங்கோ, பிளஃப் பக்கம் வெளியே நின்ற வண்டியோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆனால் அங்கே மெல்லிய காற்றுக்குத் தகுந்தபடி ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளை) போட்ட கார்புரேட்டரை அப்படியே டர்பனுக்குக் கொண்டுவந்தால், இங்கே காற்று அடர்த்தி, பெட்ரோல் போதாமல் எஞ்சின் லீனாக ஓடும். இழுவை நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஒரு வெயில் நாளில் பிஸ்டனில் ஓட்டை விழும். ஊருக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலை ஜெட்டிங்.

உள்ளூர் வண்டி என்றால் ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். எஸ்கார்ட்டில் முன் சஸ்பென்ஷனின் ஸ்ட்ரட் மாட்டும் மேல்பகுதி, கதவுக்குக் கீழ் ஓடும் சில் பட்டை, தரை, பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் இவற்றில் வைத்துப் பாருங்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது இரும்பு இல்லை, புட்டி. ஸ்ட்ரட் மேல்பகுதி போன பாடியில் எவ்வளவு நல்ல எஞ்சின் இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ஓட்டிப் பார்க்கப் போனால், நீங்கள் போகும் முன் எஞ்சினைச் சூடாக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆகிறதா என்று பார்த்துவிட்டு, பானெட்டை மூடி, இருபது நிமிடம் ஐடிலில் விடுங்கள். பிப்ரவரி மாதப் புழுக்கத்தில் ஹிகின்சன் ஹைவேயில் மாட்டிக்கொள்ளும்போது என்ன நடக்கும் என்பது அங்கேயே தெரியும். லைசென்ஸ் சரியாக இருந்தால் என்3-இல் கீ ரிட்ஜ் ஏற்றம் வரை போய் வாருங்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிர்ந்தால் ப்ராப் ஷாஃப்ட்டின் கோணமோ பேலன்ஸோ தப்பு.

இன்ஷூரன்ஸ் பற்றிச் சுருக்கமாக: எஞ்சின் மாற்றியதை எழுத்தில் சொல்லிவிடுங்கள், மதிப்பீட்டுச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பிறகு கையை விரித்துவிடுவார்கள்.

பணக் கணக்கை வீட்டில் உட்கார்ந்து, வீட்டுக்காரியையும் வைத்துக்கொண்டு போடுங்கள். மிச்ச வேலையை ஒவ்வொன்றாக எழுதி, வரும் தொகையை இரண்டால் பெருக்குங்கள். என் அனுபவத்தில் உண்மை அங்கேதான் வந்து நிற்கும். நம் வீடுகளில் முற்றம் சின்னது, அதுவும் சரிவு. கூரையில்லாத இடத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும் வண்டியைக் கடல்காற்று விட்டுவைக்காது. இடமும் மாதாமாதம் ஒதுக்கக்கூடிய பணமும் இல்லாதவர்கள், கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் முடிந்து, பதிந்து, ரோட்வர்தி (ரோட்டில் ஓடத் தகுதி என்ற சான்று) வாங்கி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைப் பாருங்கள். வாங்கிய பிறகு உங்கள் பெயருக்கு மாற்ற 21 நாள்தான். ரோட்வர்தி சான்றுக்கு ஆயுள் 60 நாள். இந்த இரண்டுக்குள் உங்கள் வண்டி தயாராகுமா என்று வாங்கும் முன்பே யோசிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்து வாங்குவது என்று முடிவு செய்தால், பழைய எஞ்சின் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். பெரும்பாலும் அது கராஜ் மூலையில் எண்ணெய் படிந்து கிடக்கும், விற்பவருக்கு இடைஞ்சல்தான். பேப்பரில் இருப்பது அதன் எண். நாளைக்கு வண்டியைப் பழைய நிலைக்குத் திருப்ப நினைத்தாலும், புது எஞ்சின் பதிவு சிக்கினாலும், அது இருந்தால் உங்களுக்கு ஒரு வழி உண்டு. விற்பனைப் பத்திரத்தில் அந்த எண்ணையும் போட்டிருக்கும் எஞ்சினின் எண்ணையும் இரண்டையும் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, பழைய எஞ்சினை அன்றைக்கே பக்கியில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுங்கள்.