மழையில் நனைந்த ஆடு ஏன் சுருங்குவதில்லை?

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட மகளோடு உட்கார்ந்து உள்ளங்கை அளவில் பொம்மைகள் தைக்கிறாராம். ஒரு தேவதை, ஒரு ஆட்டுக்குட்டி, சிவப்புக் குல்லா போட்ட ஒரு தாத்தா. துணி, ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய ஃபெல்ட். "எந்தத் துணியை வெட்டினாலும் ஓரத்தில் நூல் பிரியும், இது மட்டும் அட்டை மாதிரி வெட்டுப்படுகிறது, ஓரம் மடிக்கவே வேண்டாம் என்கிறார்கள். இது துணியா பிளாஸ்டிக்கா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் கையில் இருப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், அதற்குக் கடைசியில் வருகிறேன். ஆனால் அந்தப் பிளாஸ்டிக் யாரைப் பார்த்துக் காப்பியடிக்கிறது என்று புரிய வேண்டுமானால் முதலில் ஆட்டின் முதுகு வரைக்கும் போய் வர வேண்டும்.

சாதாரணத் துணி எப்படி நிற்கிறது என்று உங்களுக்குத் தெரியும். பாவு நூல் நீளவாக்கில், ஊடை நூல் குறுக்கே, ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கி. கத்தரித்த இடத்தில் ஓரத்து நூலைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை, அது நழுவுகிறது, அடுத்ததும் நழுவுகிறது. அதனால்தான் தையல்காரர் ஓரம் மடிக்கிறார், இல்லையென்றால் ஓவர்லாக் அடிக்கிறார். சட்டைக்கு இது சரி. மூன்று விரல் உயர தேவதைக்கு அரை அங்குலம் மடிக்க விட்டால் தேவதைக்குக் கை எங்கே வைப்பது?

ஃபெல்ட்டில் நூலே கிடையாது. நூற்கவும் இல்லை, நெய்யவும் இல்லை. கம்பளி ரோமத்தைச் சிக்கெடுத்துப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் ஊற்றி, கையாலோ காலாலோ அழுத்தி உருட்டிக்கொண்டே இருந்தால் அது தானாகவே இறுகித் துணியாகிவிடும். பருத்திப் பஞ்சை இப்படிச் செய்து பாருங்கள், காய்ந்ததும் பிய்த்தால் கையோடு வந்துவிடும். அப்படியானால் கம்பளியில் மட்டும் என்ன இருக்கிறது?

எனக்கு இந்த விஷயத்தில் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் பொறுமையாகவே சொல்கிறேன். சீப்பில் சிக்கிய நீளமான முடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, முடியின் நீளவாக்கில் விரல்களை முன்னும் பின்னுமாக மெல்லத் தேயுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவுதான் தேய்க்கிறீர்கள், ஆனாலும் முடி ஒரே பக்கமாக ஊர்ந்து போகும். எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டு, முடியைத் திருப்பி வைத்து மறுபடி தேயுங்கள், இப்போது எதிர்ப்பக்கம் போகும். எப்படி வைத்தாலும் வேர் முனைதான் முன்னால் போகும், நுனி பின்னால் வரும். (கண்டிஷனர் போட்ட முடி சண்டித்தனம் செய்யும், வேறு முடி பாருங்கள்.)

காரணம், முடியின் மேல்தோல் வழவழப்பான குழாய் இல்லை. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு வேய்ந்தது போல ஒன்றின் மேல் ஒன்று படிந்த செதில்கள், எல்லாமே நுனியைப் பார்த்தபடி. வேரிலிருந்து நுனி நோக்கித் தடவினால் விரல் வழுக்கிக்கொண்டு போகும், நுனியிலிருந்து வேர் நோக்கித் தடவினால் செதில் விளிம்புகளில் தட்டும். சின்ன வயதில் புல் கதிரைக் காம்பு மேலே பார்க்கும்படி சட்டைக் கைக்குள் விட்டு, கையை ஆட்ட ஆட்ட அது அக்குள் வரை ஏறிப்போவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். ஒரு பக்கம் உராய்வு குறைவு, எதிர்ப்பக்கம் அதிகம். அப்படி ஒரு பொருளைச் சும்மா குலுக்கினாலே போதும், திசையில்லாத ஆட்டத்தை அது திசையுள்ள பயணமாக மாற்றிக்கொள்ளும். சைக்கிள் ஃப்ரீவீல் பின்னால் மிதித்தால் சும்மா சுற்றுகிறதே, அந்த விதி ஒரு மயிரிழையின் தோலில் எழுதியிருக்கிறது. அதுவும் எந்த அளவில்? நல்ல மெரினோ ஆட்டு ரோமத்தின் தடிமன் சுமார் 20 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதன் மேல் செதில் விளிம்பின் உயரம் ஏறக்குறைய ஒரு மைக்ரான்.

இப்போது இப்படிப்பட்ட லட்சக்கணக்கான இழைகள் எல்லாத் திசையிலும் தாறுமாறாகக் கிடக்கும் ஒரு குவியலை நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்துகிறோம், இழை கொஞ்சம் நீள்கிறது, வேர் முனை பக்கத்து இழைகளுக்கு நடுவே நுழைகிறது. விடுகிறோம். கம்பளி நல்ல ஸ்பிரிங், சுருங்கப் பார்க்கிறது. வேர் முனை பின்வாங்க முடியாது, செதில் தடுக்கிறது, ஆகவே வால் பக்கம்தான் முன்னால் இழுபடுகிறது. அப்படியே மண்புழு. அதுவும் உடம்பில் உள்ள நுண்முட்களால் மண்ணைப் பிடித்துக்கொண்டு நீண்டு, சுருங்கி, முன்னேறுகிறது. ஆனால் மண்புழு எங்காவது போய்ச் சேர்ந்துவிடும், இந்த இழைகளோ ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஊர்ந்து, போகிற வழியில் மற்றவற்றைச் சுற்றி வளைத்து, முடிச்சுக்குள் முடிச்சாக இறுகிக்கொண்டே போகும். திரும்பி வர வழியில்லாத பயணம் என்பதால் பிரியவும் முடியாது.

ஃபெல்ட் பற்றிய கைவினைக் குறிப்புகள் பலவற்றில் "செதில்கள் திறந்து ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன" என்று எழுதியிருப்பார்கள். ஜிப் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். செதில் செய்வது பூட்டும் வேலை இல்லை, திரும்ப விடாத வேலை. இறுக்குவது அந்த ஊர்தல்தான்.

நீர் எதற்கு? கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், இழை இளகி நன்றாக வளையும், நீளும், மீளும். சூடு அதை இன்னும் சுலபமாக்குகிறது. சோப்பு வழுக்கலைக் கொடுத்து நகர்வதற்குத் தெம்பு தருகிறது. குலுக்கல் நம் கை. வாஷிங் மெஷினில் வெந்நீரில் போட்ட கம்பளி ஸ்வெட்டர் குழந்தைக்குக்கூடப் போதாமல் வெளியே வருவது இதனால்தான். என் வீட்டில் ஒன்று இருக்கிறது, பெங்களூரில் ஆசையாக வாங்கியது, இப்போது தேநீர்க் கெண்டிக்கு உறை.

சரி, மழையில் ஆண்டுக்கணக்கில் நனைகிற ஆடு ஏன் சுருங்கவில்லை? அதன் முதுகில் எல்லா இழைகளின் வேரும் தோலில் நட்டிருக்கிறது, ஊர்ந்து போக வேர் முனைக்கு விடுதலை இல்லை. மேலும் எல்லாச் செதில்களும் ஏறக்குறைய ஒரே பக்கம் பார்க்கின்றன, ஒன்றையொன்று எதிர்த்து இறுகுவதற்கு வழி குறைவு. போதாததற்குக் கம்பளிக் கொழுப்பு வேறு. ரோமத்தைக் கத்தரித்து எடுத்துத் திசை கலைத்துப் போட்ட பிறகுதான் வில்லங்கம்.

இதை முதலில் சரியாக விளக்கியவர் ஒரு கணித மேதை என்பது எனக்கு எப்போதும் சந்தோஷம் தரும். பொறியியல் வரைபடத்துக்கு அடிப்படையான வடிவியலை உருவாக்கிய பிரெஞ்சுக்காரர் கஸ்பார் மோஞ்ச், 1790ல் ஃபெல்ட் இறுகுவதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். விரலுக்கு நடுவில் முடியைத் தேய்க்கும் சோதனை அதில் வருகிறது. பிரான்சில் புரட்சி நடந்துகொண்டிருக்கும்போது ஒருவர் உட்கார்ந்து முடி எந்தப் பக்கம் ஊர்கிறது என்று பார்த்திருக்கிறார்! இன்றைக்கு நம் ஊரில் இதற்கு ஆய்வு நிதி கேட்டால் "இதனால் என்ன பயன்?" என்று விண்ணப்பம் முதல் மேசையிலேயே நின்றுவிடும். ஆஸ்திரேலியாவில் கம்பளி விவசாயிகளே ஆராய்ச்சிக்கென்று தனி வரி கட்டுகிறார்கள். அந்த நாட்டின் அரசு ஆய்வு நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ, குளோரினால் செதிலை மழுக்கி மேலே மெல்லிய பிசின் பூசும் முறையை வளர்த்தெடுத்ததால்தான் மெஷினில் துவைக்கக்கூடிய கம்பளி கடைக்கு வந்தது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் நமக்கும் ஒரு ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆனால் தக்காணத்து ஆடுகளின் முரட்டு ரோமம் கத்தரிக்கும் கூலிக்கே கட்டாமல் கிடக்கிறது. முரட்டு ரோமத்தில் நல்ல ஃபெல்ட் செய்வது எப்படி என்று யாராவது ஐந்து வருடம் உட்கார்ந்து பார்த்தால் வீணாகப் போகாது என்பது என் கட்சி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சில வாரம் சீவாமல் விட்ட தலைமுடி திடீரென்று ஒரே கட்டியாகத் திரண்டுவிடுவது உண்டு, "சடை விழுந்திருக்கு, அம்மன் இறங்கியிருக்கா, வெட்டினால் வீட்டுக்கு ஆகாது" என்பார்கள். அதுவும் ஃபெல்ட்தான். தலையில் நாளொன்றுக்கு ஐம்பது நூறு முடி உதிர்வது இயல்பு. சீவினால் சீப்போடு போயிருக்கும், சீவாததால் உள்ளேயே தங்கிவிடுகிறது. வேர் விடுபட்ட அந்த முடிகள் எண்ணெய்ப் பிசுக்கிலும் ஈரத்திலும் தலையணையில் உரசி உரசி ஊர்ந்து, மற்றவற்றைச் சேர்த்து இறுக்குகின்றன. மகாராஷ்டிராவில் நரேந்திர தாபோல்கர் 1989ல் தொடங்கிய மூடநம்பிக்கை ஒழிப்பு இயக்கத்தினர், இப்படிச் சடையோடு கழுத்து வலியில் வாழும் பெண்களைத் தேடிப்போய்ப் பேசி, சம்மதம் வாங்கி வெட்டிவிடுகிறார்கள். தாபோல்கரை 2013ல் சுட்டுக் கொன்றார்கள். வெட்டும் வேலை நிற்கவில்லை.

பொம்மைக்கு வருவோம். ஃபெல்ட்டில் பஞ்சடைத்த பொம்மை புதிய கண்டுபிடிப்பு இல்லை. சைபீரியாவின் அல்தாய் மலையில் பாசிரிக் என்ற இடத்தில் பனி உறைந்த கல்லறைகளைத் தொல்லியலாளர் ருடென்கோ தோண்டியபோது, ஃபெல்ட்டில் தைத்து ரோமம் அடைத்த அன்னப் பறவைகள் கிடைத்தன. வயது சுமார் 2300 ஆண்டுகள். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, படத்தைப் பார்த்தால் போன வாரம் தைத்ததென்று சொல்வீர்கள். நம் காலத்துக்கு வந்தால், ஜெர்மனியின் கீங்கன் ஊரில் மார்கரெட்டே ஸ்டைஃப். ஒன்றரை வயதில் போலியோ வந்து சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர், ஃபெல்ட் உடைகள் தைத்து விற்றவர். குண்டூசி குத்திவைக்க ஃபெல்ட்டில் ஒரு குட்டி யானை தைத்துத் தெரிந்தவர்களுக்குப் பரிசாகக் கொடுத்தார், பெரியவர்களுக்கென்று கொடுத்ததைப் பிள்ளைகள் பிடுங்கி விளையாடத் தொடங்கினார்கள். அந்த யானையை வைத்து 1880ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கணக்கு வைக்கும் அவருடைய பொம்மைக் கம்பெனி இன்றும் நடக்கிறது. ஊடை பாவு உள்ள துணியாக இருந்திருந்தால் அந்தக் காது ஓரத்தையும் தும்பிக்கை வளைவையும் மடித்துத் தைக்க எவ்வளவு பாடு!

அப்புறம் வாசகியின் பிளாஸ்டிக். ஃபேன்சி ஸ்டோரில் பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் பளிச்சென்ற ஃபெல்ட் பெரும்பாலும் பாலியெஸ்டர், சிலது பழைய தண்ணீர் பாட்டில்களை உருக்கி இழுத்த இழை. அதன் தோல் வழவழப்பு, செதில் ஏது? வெந்நீரில் ஆயிரம் முறை உருட்டினாலும் இறுகாது. அதற்கு மனிதர்கள் செய்த தந்திரம் எனக்கு மிகவும் பிடிக்கும்: இழையில் இல்லாத செதிலை ஊசியில் வைத்துவிட்டார்கள். ஆயிரக்கணக்கான ஊசிகள் பதித்த பலகை, ஒவ்வொரு ஊசியின் பக்கவாட்டிலும் கீழ்நோக்கிய சின்ன வெட்டுகள். இறங்கும்போது இழைகளைக் கவ்வி உள்ளே இழுத்துப் போகும், ஏறும்போது விட்டுவிட்டு வெறுங்கையோடு வரும். குத்திக் குத்தி மேல் இழைகளைக் கீழே தைத்துவிடுகிறது, நூலே இல்லாத தையல். அங்கேயும் ஒருவழிப் பாதைதான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

உங்களிடம் இருப்பது எது என்று தெரிய, ஓரத்தில் ஒரு கீற்று வெட்டி இடுக்கியில் பிடித்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கொளுத்துங்கள், பிள்ளையைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். முடி கருகிய நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் என்றால் கம்பளி. உருகிச் சொட்டி, ஆறியதும் கெட்டி மணியாக நின்றால் பாலியெஸ்டர். எதுவாக இருந்தாலும், பிரிந்து நழுவ நூலே இல்லாததால் எந்தப் பக்கம் திருப்பி வைத்தும் வெட்டலாம், இறக்கையை மூலையில் மிச்சமிருக்கும் துண்டிலிருந்தே எடுக்கலாம், நேர்வாட்டம் குறுக்குவாட்டம் பார்க்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. இழைகளைப் பிடித்திருப்பது வெறும் உராய்வு என்பதால் விளிம்பை ஒட்டியே ஊசி குத்தினால் அந்த நாலைந்து இழைகள் நூலோடு பிய்ந்து வந்துவிடும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளிக் குத்துங்கள். எம்பிராய்டரி நூலில் ஆறு இழை இருக்கும், இரண்டை மட்டும் பிரித்துக் கோத்து, இரண்டு துண்டையும் சேர்த்துவைத்து பிளாங்கெட் தையல் போடுங்கள், கொஞ்சம் இடம் விட்டு ஃபைபர் பஞ்சை இணுக்கு இணுக்காகக் கிள்ளிப் பென்சில் முனையால் கைக்குள்ளும் குல்லா நுனிக்குள்ளும் முதலில் தள்ளுங்கள், வயிறு கடைசியில். தாத்தாவின் தாடிக்குக் கடையில் போய் எதுவும் வாங்க வேண்டாம், பழைய கம்பளி நூலைப் பிரித்து வெந்நீர் சோப்பில் உள்ளங்கைக்குள் உருட்டினால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். அதை மட்டும் உங்கள் மகளை உருட்டச் சொல்லுங்கள்.